மகளின் கரவனுக்கு ஒரு நிலம்

அந்தக் கரவனை உடைக்கக் கொடுத்துவிடு என்று சொன்னவர்கள் எல்லோரும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், போகிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். இனியும் கேட்கப் போவதில்லை.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, உள்ளே போனால் முழங்கை இடிக்கும் ஒரு கழிப்பறை. கோடை வந்தால் லண்டனில் எங்கள் ஹரோ வீதியில் சில வீடுகளின் முன்னால் அவை நிற்கும். வெள்ளைக்காரர் அவற்றைத் துடைத்து மினுக்குவதைப் பஸ் தரிப்பிடத்தில் நின்று பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் வாசலிலும் ஒன்று நிற்கும் என்று நினைத்ததில்லை. நின்றது. முன் அறை யன்னலை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அந்த அறையில் இருந்தோம்.

அது மகளுக்காக வந்தது.

மகள் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்தில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். பழைய வீடொன்றின் நடு மாடியில் வேறு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தாள். கட்டிலுக்கு மேலே, சீலிங்கில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை வந்தது. மேல்மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டைப் பார்க்கிற ஆளுக்குச் சொன்னாள். வருகிறோம் என்றார்கள். மறுபடியும் சொன்னாள். வருகிறோம் என்றார்கள். ஒரு காலை, அவள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாட்டக் கீழே இறங்கிப் போன நேரத்தில், அந்தச் சீலிங் முழுதாகக் கட்டிலில் விழுந்தது.

அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். சொல் ஒன்றும் இல்லை, படம் மட்டும். நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்பவள். மாத்திரை எண்ணும் தட்டுக்குப் பக்கத்தில் போன் வெளிச்சம் போட்டது. படத்தில் தலையணையைக் காணவில்லை. தலையணை இருந்த இடத்தில் சாந்தும் மரச்சலாகையும் குவிந்து கிடந்தன. போர்வையின் நீல விளிம்பு ஒரு பக்கத்தால் தெரிந்தது. அந்தப் போர்வை நான் வாங்கிக் கொடுத்தது. மகள் எங்கே நின்று படம் எடுத்தாள், எடுத்தது அவள்தானா என்று யோசிக்க எனக்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் நான் எங்கே போய் வந்தேன் என்பதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஒரு கீறல்கூட இல்லைத்தான். ஆனால் அவள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் படிப்பை நிறுத்தி வைத்தாள். தன் அறையில் படுக்கவில்லை. முன் அறைச் சோபாவில், யன்னலோடு ஒட்டிப் படுத்தாள். நானோ போகிற இடமெல்லாம் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன். வேலையிடத்தில், பல் வைத்தியரின் கதிரையில், ரயில் நிலையப் படிக்கட்டில். வெஸ்ட் ஈலிங் கோயிலில் தீபாராதனை நடக்கும்போது எல்லோரும் அம்மனைப் பார்க்க, நான் மண்டபத்தின் சீலிங்கில் ஒரு வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தச் செப்டெம்பரில் அவள் கடைசி வருடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த முறையும் போகாவிட்டால் அந்தப் படிப்பு அவளுக்கு இல்லை. கரவன் அவளுடைய யோசனை. அந்த நகரத்துக்குப் பின்னால் ஒரு பண்ணைக்காரர் தன் வயல் ஓரத்தில் கரவன் நிறுத்த மாணவர்களுக்கு இடம் கொடுக்கிறாராம்.

"மேலை விழுறதுக்கு அதிலை ஒண்டுமில்லை அம்மா. மெல்லிய அலுமினியம், கொஞ்சம் ஃபோம். விழுந்தாலும் தலகாணி விழுந்த மாதிரி."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முதல்முறை சிரித்துக்கொண்டு சொன்னது அது. அந்தச் சிரிப்புக்காக நான் ஒரு கப்பலைக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன்.

என் அண்ணை பிரான்ஸில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறார். தோர்ண்டன் ஹீத்தில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கரவன் ஒன்றை விற்கப் பார்க்கிறது என்றார். மழை நாளில் போய்ப் பார்த்தோம். கூரையில் ஒழுக்கில்லை, யன்னல் ஓரங்களில் ஈரமில்லை, மூலைகளில் கறுப்பில்லை. நான் மேலேயும் சுவரையும்தான் பார்த்தேன். கீழே பார்க்கவில்லை. தடித்த கம்பளம் ஒன்று விரித்திருந்தார்கள். அண்ணை தன் சாமான் ஏற்றும் வான் வண்டியில் கொளுவி லண்டனின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இழுத்து வந்தார்.

யாரோ பாவித்த சாமான் வீட்டுக்கு வந்தால் கழுவாமல் தொடமாட்டோம். எங்கள் ஆட்கள் வாடகை வீட்டுக்குக் குடிபோனாலும் முதல் வேலை வாளிதான். வந்த அடுத்த நாள் காலை கம்பளத்தைச் சுருட்டி வெளியே எடுத்தேன். அதற்குக் கீழே பிளாஸ்டிக் போன்ற லினோ விரிப்பு பலகையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு வாளி நிறையத் தண்ணீர், அதில் ஒரு கரண்டி மஞ்சள், கையில் கூட்டித் தள்ள ஒரு தும்புத்தடி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். வாசலுக்கு உள்ளே வலது குதிகாலை வைத்தேன். நிலம் அமிழ்ந்தது.

உடையவில்லை, சத்தம் போடவில்லை. நன்றாக ஊறிய பாணில் விரலை வைத்தால் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. காலை எடுத்தேன். மெதுவாக மேலே வந்தது. வாளியோடு பின்பக்கமாக இறங்கி, தண்ணீர் முழுவதையும் ரோசாச் செடிக்கு ஊற்றிவிட்டு, வாசல்படியில் இருந்தேன்.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரவனுக்குள் ஏறினாள். அதே இடத்தில் காலை வைத்தாள். இறங்கி வந்தாள்.

"ஓகே. விடுங்கோ. நான் போகேல்லை."

"எங்கை போகேல்லை?"

"எங்கையும் போகேல்லை அம்மா."

அவள் உள்ளே போய்ச் சோபாவில் யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த யன்னலுக்கு வெளியே கரவனின் வெள்ளைச் சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை.

கரவன் திருத்தும் ஒருவரை அழைத்தோம். நல்ல மனிதர். சப்பாத்துக்கு மேல் நீல உறை போட்டுக்கொண்டு ஏறினார். ஈரம் அளக்கும் கருவியைச் சுவரெல்லாம் குத்திப் பார்த்தார். சுவர் காய்ந்திருக்கிறது என்றது கருவி. நிலத்தில் குத்தினார். அது கத்தியது. தலையைச் சொறிந்தார். கூரை காய்ந்து, சுவர் காய்ந்து, நிலம் மட்டும் ஈரமாக இருக்கிற கரவனைத் தான் பார்த்ததில்லை என்றார். எங்கோ ஒளிந்திருக்கிற ஒழுக்கு ஒன்று இருக்கவேண்டும், அதைத் தேட உட்சுவர் முழுவதையும் கழற்றவேண்டும், கழற்றினாலும் கண்டுபிடிப்பேன் என்று சொல்லமுடியாது, இந்த வயதுக் கரவனுக்கு அது தகாது. மரியாதையாகச் சொன்னார். உடைத்துவிடுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அன்று மாலை குசினியில், சாப்பாட்டு மேசையில் அண்ணையும் என் கணவரும் நானும் இருந்தோம்.

"பழைய சாமான் வாங்கினா உப்பிடித்தான்" என்றார் அண்ணை.

"வாங்கித் தந்தது நீங்கள்."

"நான் இழுத்துத் தந்தனான். வாங்கினது நீ."

"அப்ப திருப்பிக் குடுப்பம். நான் போன் எடுக்கிறன்."

"எடி, அவையளோடை சண்டைக்குப் போகாதை. நாளைக்கு ஒரு கலியாண வீட்டிலை முகம் பாக்கிறேல்லையே?"

கணவர் ரயில்வேயில் ஷிப்ட் வேலை, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவர். "இஞ்சேர், உடைக்கக் குடுப்பம். பிள்ளைக்கு வேறை ஒரு றூம் பாப்பம். புது வீடா, நல்லதா" என்றார்.

"சீலிங் இல்லாத றூமோ?"

நான் எழும்பி, மேசை லாச்சியிலிருந்து பிள்ளைகள் நிலத்தில் கீறி விளையாடும் சோக்குக் கட்டி ஒன்றையும் தடித்த தையல் ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"இப்ப எங்கை போறாய்?" என்றார் அண்ணை.

"நோயாளியைப் பாக்க."

செருப்பைக் கழற்றினேன். திருத்த வந்த மனிதர் சப்பாத்தோடு நடந்தார். எங்களுக்கு வீட்டுக்குள் வெறுங்கால்தானே. வெறுங்காலில் நின்றால் கருவி சொல்லாததைக்கூட உள்ளங்கால் சொல்லும். ஒவ்வொரு அடியாக நடந்தேன். குதிகாலால் தட்டினேன். சில இடங்களில் 'டொக்' என்று கட்டையான சத்தம். சில இடங்களில் 'பொக்' என்று உள்ளே வெறுமையாகக் கோறை விழுந்த சத்தம். அங்கே நிலம் மேலும் கீழும் துள்ளியது, ஆனால் ஊசியால் குத்தினால் பலகை உறுதியாக இருந்தது. வாசலுக்கு முன்னால் மட்டும் ஊசி பேசாமல் உள்ளே போனது. துள்ளும் இடத்துக்குக் கோடு, ஊசி போகும் இடத்துக்குப் புள்ளி என்று சோக்கால் அடையாளம் போட்டேன். முடித்துவிட்டுக் கட்டிலில் ஏறி நின்று பார்த்தேன்.

கூரையிலிருந்து ஒழுகினால் மூலையில் தொடங்கும். யன்னலால் வந்தால் சுவரோரம் தொடங்கும். என் சோக்குக் கோடு அடுப்பின் முன்னால் தொடங்கி, நடுவால் வந்து, வாசலில் போய் அகன்று நின்றது. ஊற்றிய தண்ணீர் ஓடுகிற வழி அது. ஆனால் யார் ஊற்றினார்கள்?

அடுத்த நாள் காலை வெளியே படுத்து, டோர்ச் பிடித்துக்கொண்டு கரவனுக்குக் கீழே நகர்ந்து போனேன். ஐம்பதை நெருங்குகிற ஒரு பொம்பிளை ஹரோவில் தன் வீட்டு வாசலில் மல்லாந்து படுத்திருப்பதை எதிர்வீட்டு மனிதர் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைக் காட்டினேன். அவரும் காட்டினார். அடிப் பலகை கல்லுப் போல இருந்தது. தட்டத் தட்ட 'டொக்', 'டொக்'. இந்த நிலம் இரண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவே ஃபோம் வைத்து ஒட்டியது, பிஸ்கட்டுக்கு நடுவில் கிறீம் பூசியது போல. கீழ்ப் பிஸ்கட் நல்லது. கிறீம் நல்லது. மேலே இருப்பதுதான் உக்கி இற்றுப் போயிருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் சுவருக்குள்ளால் வரவில்லை. நிலத்துக்கு மேலேயிருந்துதான் வந்திருக்கிறது.

லினோ விரிப்பை வாசல் பக்கத்திலிருந்து கத்தியால் கிளப்பினேன். மகள் எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியாது.

"ஈயூ. அம்மா, அது என்ன? மோல்டோ?"

பிளைவுட் மஞ்சளாக இருந்தது. பூஞ்சணமும் உக்கலும் கறுப்பாகத்தான் இருக்கும். இது விரிப்பின் ஓரம் ஓடின இடமெல்லாம், ஆணித் துளையைச் சுற்றி எல்லாம், பழைய வேட்டியில் கறி சிந்தின மாதிரி மஞ்சள். நான் குனிந்து மூக்கை வைத்தேன்.

"அம்மா! ஸ்டாப்! அதை மணக்காதேங்கோ!"

"மஞ்சள்."

"ஓம், யெலோ. தெரியுது."

"நிறமில்லை பிள்ளை. மஞ்சள். கறிக்குப் போடுற மஞ்சள்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு நான் வாசலில் கவிழ்ந்து கிடந்த என் வாளியைப் பார்த்தேன்.

கரவனை விற்ற தோர்ண்டன் ஹீத் அக்காவுக்கு அண்ணையைக் கேட்காமல் போன் எடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, மகளையும் பக்கத்தில் இருத்தினேன். அந்த அக்கா வயதானவர். தானும் கணவரும் ஜேர்மனியிலிருந்து வந்து மகனுடைய வீட்டில் இருந்ததாகவும், பேரப்பிள்ளைகளால் வீடு நிறைந்தபோது அந்தக் கரவனில்தான் படுத்ததாகவும் வாங்கப் போன அன்றே சொல்லியிருந்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. கரவன் நிலத்திலை கொஞ்சம் ஈரம்…"

"ஈரமோ? அந்தக் கூரையாலை ஒரு சொட்டு மழை உள்ளுக்கு வந்ததில்லை, தங்கச்சி. அம்மாளாணை."

"இல்லை அக்கா, கூரை நல்லது. நான் கேக்கிறது, நிலத்தை எப்பிடித் துப்புரவாக்கினனீங்கள்?"

அவருடைய குரல் உடனே நிமிர்ந்தது. "வெள்ளிக்கு வெள்ளி கழுவிறது. மஞ்சள் தண்ணி ஊத்தி, அடுப்படியிலை இருந்து வாசலுக்குத் தும்புத்தடியாலை தள்ளி விடுறது. சாமிப்படம் வச்சிருந்தனாங்கள், அலுமாரிக்குள்ளை. நிலம் கழுவாம விளக்கு ஏத்தேலுமோ? உங்களுக்குத் தெரியும்தானே."

"தண்ணி வெளியிலை போகுமோ, அக்கா?"

"முழுக்கப் போகாது. அந்த வாசலிலை ஒரு தகரம் முட்டிக்கொண்டு நிக்குது. அதிலை கொஞ்சம் நிக்கும். தானாக் காயும். நான் ஊத்தையா வச்சிருந்தனான் எண்டு ஆரும் சொல்லேலாது, தங்கச்சி. கோயில் மாதிரி வச்சிருந்தனான்."

"ஓம் அக்கா. தெரியுது அக்கா."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அழுகிறாளோ என்று பயந்து பின்னால் போனேன். வாசலில் குந்தி, கரவனின் சக்கரச் சில்லைப் பிடித்துக்கொண்டு, சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள்.

"காய்ஞ்சதாம்! தானாக் காய்ஞ்சதாம்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பை விடப் பெரிதாக வேறொன்று வந்தது. ஒளிந்திருக்கிற ஒழுக்கு என்று ஒன்று இல்லை. மேலேயிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, யாருக்கும் தெரியாமல் வந்துகொண்டிருக்கிற தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீர் வெள்ளிக்கிழமைகளில் வந்தது, வாளியில் வந்தது, இப்போது நின்றுவிட்டது. காரணம் தெரிந்த நோய் வருத்தத்துக்கு நான் பயப்படுவதில்லை. மருந்தகத்தில் நிற்பவள் நான்.

"உடைக்கக் குடுக்கேல்லை" என்று அன்றிரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "நான் திருத்துறன்."

"ஆர்?" என்றார் கணவர்.

"நான்."

"உனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமோ?"

"இதுக்கு ஆணி தேவையில்லை. ஊசிதான் தேவை. ஊசி எனக்குத் தெரியும்."

உண்மையாகவே அது ஊசி வேலைதான். துள்ளுகிற இடங்களில் பலகையும் ஃபோமும் ஒட்டு விட்டிருந்தன, வேறு குற்றமில்லை. அங்கே மேற்பலகையில் வரிசையாகச் சின்னத் துளை போட்டு, இரண்டு திரவத்தைக் கலந்து செய்யும் பசையைப் பெரிய ஊசியால் ஏற்றி, மரக்கட்டையால் துளையை அடைத்து, மேலே பாரம் வைத்து இறுக விடவேண்டும். வாசலில் உக்கிய பலகையை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே காயவைத்து, புதுப் பிளைவுட் ஒட்டவேண்டும். யாரோ ஒரு வெள்ளைக்கார மனிதர் தன் கராஜில் நின்று இதைச் செய்து காட்டும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவருடைய இருமல்கூட எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அண்ணை வந்தார், வாசலில் நின்று சிரித்தார். "என்ன டொக்டர், ஒப்பறேசன் எப்ப?" நான் அவரைப் பார்க்கவே இல்லை. அதிரும் வெட்டுக் கருவியை வாடகைக்கு எடுத்திருந்தேன். பிளைவுட்டின் தடிப்புக்கு அளவு வைத்துக்கொண்டு, வாசலுக்கு முன்னால் சோக்குப் புள்ளிகளைச் சுற்றி வெட்டினேன். நல்ல நிலத்தை வெட்டுகிறேனோ, கீழ்ப் பலகையையும் அறுத்துவிட்டேனோ, இனி இந்த வண்டியில் ஏறினாலே பிள்ளை ரோட்டில் விழுவாளோ. கருவியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினேன். பிறகு மறுபடியும் போட்டேன். உக்கிய பலகை கையோடு கேக் போல உதிர்ந்து வந்தது. மஞ்சளும் கறுப்புமாக, ஒரு வாளி நிறைய. அதே வாளி.

கன நாள் காயவிட்டோம். கணவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் உள்ளே எட்டிப் பார்த்து ஹீட்டரைத் திருப்பி வைத்தார்.

பசை கலக்கும் நாளில்தான் நான் அவமானப்பட்டேன். அளவு பார்த்துக் கலப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பில் ஒரு பெரிய கோப்பை நிறையக் கலந்தேன். முதல் துளைகளுக்கு ஏற்றும்போதே கோப்பை சுட்டது. பிறகு புகைந்தது. நான் கத்திக்கொண்டு அதை வெளியே எறிந்தேன். ஊசி ஒன்று என் கையிலேயே கல்லானது.

எதிர்வீட்டு மனிதர் மறுபடியும் பார்த்தார். இந்த முறை நான் கையைக் காட்டவில்லை.

"அம்மா, கூடக் கலந்தா சூடு வெளியிலை போகாது. கெமிஸ்ட்ரி" என்றாள் மகள், படியில் நின்று.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்…"

"தெரியும் எண்டு சொன்னனான்தானே!"

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். வெறுங்காலோடு ஏறி, என் பக்கத்தில் முழங்காலில் இருந்து, "நான் கலக்கிறன். கொஞ்சம் கொஞ்சமா. நீங்கள் ஏத்துங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அவள் கலக்க நான் ஏற்றினேன். ஒரு துளையில் ஏற்றினால் பக்கத்துத் துளையால் பசை எட்டிப் பார்க்கும். அதைக் கண்டால் அவள் "வந்திட்டுது" என்பாள், நான் அடுத்ததுக்குப் போவேன். அப்படியே மத்தியானம் தாண்டியது. அந்த நிலத்தில் அவள் என்னோடு முழங்காலில் இருந்தாள் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். எங்கேயும் போகவில்லை என்றவள்.

பாரம் வைக்கவேண்டும் என்றபோது வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினோம். வீடியோவில் வந்தவர் செங்கல் வைத்தார். எங்களிடம் அரிசி இருந்தது. தமிழ்க் கடையில் மூட்டையாக வாங்குகிற வீடு. சிவப்பரிசி, சம்பா, பச்சையரிசி எல்லாம் பலகைக்கு மேலே போனது. போதாது என்று அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் தன் வானில் கடைக்குப் போக இருந்த மூட்டைகளோடு வந்தார். திட்டிக்கொண்டுதான் இறக்கினார்.

"என்ரை வாடிக்கைக்காரனுக்கு நான் என்ன சொல்லுறது? உங்கடை அரிசி ஒரு கரவனை அமத்திக்கொண்டிருக்கு எண்டோ?"

"ஓம். அப்பிடியே சொல்லுங்கோ."

"விசரி."

"ஓம்."

கணவர் வேலையால் வந்து அடுப்படியில் வெறும் சாடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சோத்துக்கு எங்கை போறது?" என்றார். அன்றைக்குப் பாண் சாப்பிட்டோம்.

பசை இறுகிய பிறகு வாசலில் புதுப் பலகையை ஒட்டி, ஆணித் துளையெல்லாம் அடைத்து, லினோ விரித்தேன். லினோவின் ஒரு மூலை இன்றைக்கும் கொஞ்சம் கோணல். அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவேண்டாம்.

புறப்படுகிற நாளுக்கு முன்னால் பால் காய்ச்சினோம். அவள் குடியிருக்கப் போகிற இடம், பால் பொங்க வேண்டாமா? அண்ணையின் மனைவி, என் மச்சாள், பட்டுச்சேலையோடு வந்தார். நான் உள்ளே சாமிப்படத்தை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் வெளிக்குழாயில் வாளி நிரப்பிக்கொண்டு நிற்கிறார். மஞ்சளும் போட்டாயிற்று.

நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"மச்சாள், வாளியோடை உள்ளுக்கு வராதேங்கோ."

"என்ன கதை இது? ஆரோ இருந்து எழும்பின இடம். கழுவாமப் பால் காய்ச்சிறதோ?"

"கழுவிக் கழுவித்தான் உக்கினது."

"ஒரு வாளியாலை என்ன வரப் போகுது?"

"ஒரு சொட்டும் இல்லை. அம்மன் வந்து கேட்டாலும் இல்லை."

மச்சாளுக்கு முகம் கறுத்துப் போனது. அண்ணை பின்னால் நின்று, "விடு, அவள் இனி எங்களையும் உள்ளுக்கு விடமாட்டாள்" என்றார். நான் ஒரு துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, இன்னும் பிழிந்து, முழங்காலில் இருந்து நிலத்தை ஒருமுறை துடைத்தேன். அவ்வளவுதான் சுத்தம். பாலை அந்தச் சின்ன அடுப்பில் வைத்தோம். பாத்திரத்தைச் சுற்றி மகள் கேக் வேகவைக்கும் ஆழமான தட்டொன்றை வைத்திருந்தாள். பால் பொங்கியது, வழிந்தது, எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். தட்டுக்கு வெளியே ஒரு துளியும் போகவில்லை.

பிறகு மகள் வாசலுக்கு முன்னால், முதன்முதல் என் குதிகால் போன அந்த இடத்தில், வந்து நின்றாள். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். குதித்தாள்.

"எடி, எடி!" என்றார் அண்ணை. கரவன் முழுதும் ஆடியது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. எனக்குக் கண் தானாக மூடியது, அதை நான் மறைக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் அதே இடத்தில் நின்று, என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். போனேன். இருவரும் சேர்ந்து குதித்தோம். மச்சாள் பால் சட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் போய்விட்டாள். முன் அறைக்குள் மறுபடியும் வெளிச்சம் வருகிறது. சோபாவில் யாரும் படுப்பதில்லை. நான் இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன். கடையில், ரயிலில், எங்கேயும். அது என்னை விட்டுப் போகுமா என்று தெரியவில்லை. போகாவிட்டால் இருந்துகொள்ளட்டும். அதோடேயே வேலைக்குப் போகிறேன், அதோடேயே சமைக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் வேலையால் வரும்போது அவளுக்குப் போன் எடுப்பேன். சாப்பிட்டாயா, குளிருகிறதா, வகுப்பு எப்படி. கடைசியாக அந்த ஒன்று.

"அம்மா, பிளீஸ். இண்டைக்கு வேண்டாம். மழை கொட்டுது, நான் படிச்சுக்கொண்டிருக்கிறன்."

"ஒருக்கா. வாசலடியிலை மட்டும்."

பெருமூச்சு கேட்கும். கதிரை நகரும். போனை நிலத்துக்குக் கிட்டப் பிடிப்பாள். அலுமினியக் கூரையில் மழை விழும் சத்தம் முதலில் வரும். பிறகு அவளுடைய குதிகால்.

டொக்.

"கேட்டுதோ?"

"ஓம்," என்பேன். "சரி, படி."